யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் சூத்தைப் பல்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சம்பளம், வீட்டுக்கூரை, இரத்தச்சோகை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது பல்லுக்கு ஒரு கூட்டமா என்ற சிரிப்பு. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு லயத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தால் அந்த வீட்டில் மட்டுமல்ல, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் தூக்கம் இல்லை. கிராம்பை நசுக்கி வைக்கிறோம், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்கிறோம், அரை பனடோல் கொடுக்கிறோம். விடிந்தால் பெரட்டு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போச்சு. போகாவிட்டால் பிள்ளையின் கன்னம் வீங்குகிறது. எப்படிப் பார்த்தாலும் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது காதில் விழும் ஒரு பேச்சு இருக்கிறது. "தோட்டத்துப் பிள்ளைங்கதானே, பல்லு வெளக்கத் தெரியாது." இந்தப் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு நம்மில் பாதிப்பேர் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டோம். நம்முடைய சனத்துக்குச் சுத்தம் போதாது, அதனால்தான் நம் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

அது சரியா, பிழையா என்று பார்க்க உங்களைக் கொஞ்ச நேரம் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போகிறோம். ஏன் யாழ்ப்பாணம்? படிப்பு என்றால் யாழ்ப்பாணம், முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்த வீடு என்றால் யாழ்ப்பாணம் என்று நாம் சொல்லி வளர்ந்தவர்கள். அங்கே தேயிலைத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும்?

நாம் சொத்தைப் பல் என்பதை அங்கே சூத்தைப் பல் என்பார்கள். பெயர்தான் வேறு, நோய் ஒன்றே. வாயில் எப்போதும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சீனியைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேலோட்டைக் கரைக்கிறது. ஒரு தடவை இனிப்புத் தின்றால் சுமார் அரை மணி நேரம் அந்தக் கரைப்பு நடக்கும். பிறகு எச்சில் வந்து கழுவி, கரைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும். ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரு டொபியை வைத்துக்கொண்டு காலை முழுக்கச் சப்பும் பிள்ளையின் பல்லுக்கு ஓய்வே கிடையாது. இரவில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். சீனி போட்ட பால்மாப் போத்தலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போவது அதனால்தான்.

இதில் சாதி இல்லை, ஊர் இல்லை. கிருமிக்கு யாழ்ப்பாணத்துப் பல்லும் ஒன்றுதான், ஹற்றன் பல்லும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு பழைய கதை. ஒரு காலத்தில் சொத்தைப் பல் பணக்காரர் நோயாக இருந்தது. சீனி விலை கூடிய பொருளாக இருந்தபோது அதை வாங்கித் தின்னக்கூடியவர் பல்தான் கெட்டது. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஏழை வீட்டில் ஒடியற் பிட்டும் குரக்கனும் கூழும் சாப்பிட்டார்கள். இனிப்பு என்றால் தேத்தண்ணீருக்குக் கடித்துக்கொள்ளும் ஒரு துண்டுப் பனங்கட்டி. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பனங்கட்டி பல்லுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை நம்மிடமும் இருக்கிறது. பனங்கட்டியில் பெரும்பகுதி சீனிதான், அதிலும் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் சீனி. பல்லைக் காத்தது பனங்கட்டி அல்ல, அது கொஞ்சமாகக் கிடைத்ததுதான்.

சீனி குறைந்தால் சொத்தை குறையும் என்பதற்கு உலகத்தில் பெரிய சாட்சி இரண்டாம் உலக யுத்தம். ஜப்பானிலும் நோர்வேயிலும் யுத்த காலத்தில் சீனி கிடைக்காமல் போனது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் பற்சொத்தை கணிசமாகக் குறைந்தது. யுத்தம் முடிந்து சீனி திரும்பி வந்ததும் சொத்தையும் திரும்பி வந்தது. யாரும் அந்த நாட்களில் புதிதாகப் பல் விளக்கக் கற்றுக்கொண்டதாலோ, பிறகு மறந்துபோனதாலோ இது நடக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடும் யுத்தத்தை நன்றாகவே கண்டது. 1990-க்குப் பிறகு ஏ-9 வீதி மூடப்பட்டு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சீனி விலை ஏறிக் கிடந்தது. பற்பசை வாங்க முடியாமல் உமிக்கரியும் உப்பும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் விளக்கியவர்கள் ஏராளம். 2002-இல் வீதி திறந்ததும், 2006-இல் மறுபடி மூடி 2009-இல் யுத்தம் முடிந்தபின் திரும்பவும் திறந்ததும், பிஸ்கட்டும் சோடாவும் சொக்லேட்டும் லொறி லொறியாகப் போய்ச் சேர்ந்தன. அங்கே சந்திக் கடைகளில் இப்போது தொங்கும் இனிப்புப் பக்கற்றுச் சரங்களை நம் தோட்டத்துக் கடையிலும் பார்க்கலாம். பத்து இருபது ரூபாய்க்கு ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்த அதைவிட மலிவான வழி ஏழைத் தாய்க்கு இல்லை. பழத்தைவிட டொபி மலிவு, பாலைவிடச் சோடா சுலபம். இப்படித்தான் பணக்காரர் நோய் மெதுவாக இடம் மாறி ஏழை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பல நாடுகளில் நடந்ததும் இதேதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பல் ஆராய்ச்சிக்காரர் பிள்ளைகளின் வாயைப் பார்த்து ஒரு கணக்கு எழுதுவார்கள். சொத்தையாகிக் கிடக்கும் பல் எத்தனை, சொத்தையால் பிடுங்கிய பல் எத்தனை, சொத்தையாகி அடைத்த பல் எத்தனை என்று மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வார்கள். இந்தக் கூட்டுத்தொகைக்குள் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது.

இரண்டு பிள்ளைகளை மனதில் நினைத்துப் பாருங்கள். இருவரும் யாழ்ப்பாணம், இருவருக்கும் 12 வயது, இருவருக்கும் கணக்கு மூன்று. ஒரு பிள்ளை நல்லூர்ப் பக்கம். மாமா கனடாவில். லீவுக்கு வரும்போது சொக்லேட் பை நிறையக் கொண்டுவருவார், அந்தச் சொக்லேட்டால்தான் பிள்ளைக்கு மூன்று பல்லும் சொத்தை. ஆனால் தாய் தனியார் பல் வைத்தியரிடம் கூட்டிப்போய் மூன்றையும் அடைத்துவிட்டார். பிள்ளை கச்சானும் கடிக்கிறது, கரும்பும் கடிக்கிறது. மற்றப் பிள்ளைக்கும் மூன்று பல் சொத்தை. ஒன்று வேர்வரை போய் ஒரு வருஷமாக அவ்வப்போது குத்துகிறது, ஒன்று ஓட்டையாகச் சோறு அடைகிறது, ஒன்றைப் பிடுங்கியாயிற்று. காகிதத்தில் இரண்டு பிள்ளைக்கும் ஒரே எண். ஒரு பிள்ளை இரவில் தூங்குகிறது, மற்றது ஒருபக்கத்தால் மென்றுகொண்டு பரீட்சை எழுதுகிறது.

சொத்தை வருவது ஒன்று. வந்த சொத்தை வாயிலேயே கிடப்பது வேறொன்று. நம் கண்ணில் ஏழ்மையின் அடையாளம் இந்த இரண்டாவதுதான்.

இலங்கை முழுவதற்கும் எடுத்த வாய்ச் சுகாதார ஆய்வில் 2002-03-இல் 12 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில் சொத்தை இருந்தது. 2015-16-இல் அது 30 அளவுக்கு இறங்கியது. நல்ல செய்தி, மறுக்கவில்லை. ஆனால் அதே 2015-16-இல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 63 பேருக்குச் சொத்தை. சின்னப் பிள்ளைகளின் பல்லில் அந்தச் சொத்தையில் பெரும்பகுதி சிகிச்சை எதுவும் செய்யாமல் அப்படியே கிடக்கிறது. ஏன் கிடக்கிறது? "பால் பல்லுதானே, விழத்தானே போகுது" என்று நாம் சொல்கிறோம். யாழ்ப்பாணத்திலும் "பால் பல்லுத்தானே, விடுங்கோ" என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் வடக்குக்கும் மலையகத்துக்கும் வித்தியாசமே இல்லை!

அந்த இரண்டாவது பிள்ளை யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? படத்தில் பார்க்கும் யாழ்ப்பாணத்தில் அது இல்லை. நெடுந்தீவில் இருக்கலாம். அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் கடல் கடந்து, பிறகு பஸ் ஏறித்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். காற்றுக் காலத்தில் கடல் விட்டால்தான் பயணம். நாம் மேல் டிவிசனிலிருந்து கீழே ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடிக்கிறோமே, அந்த மாதிரி ஒரு நாள் கதை அது.

அல்லது முகாமில் இருக்கலாம். 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கங்களிலிருந்து சனம் எழும்பி ஓடியது. சொந்தக் காணி வேறிடத்தில் இருந்தவர், வெளிநாட்டில் உறவு இருந்தவர் வாடகை வீட்டுக்கோ கொழும்புக்கோ போனார்கள். ஒன்றும் இல்லாதவர்தான் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம், மல்லாகம் கோணப்புலம் முகாம் என்று தங்கினார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டதே 2017 ஜூலையில்தான். முகாமில் பிறந்து முகாமிலேயே பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணமும் கட்டியவர்கள் உண்டு. ஒட்டி ஒட்டிக் குடிசை, பொதுத் தண்ணீர்க் குழாய், பொது மலசலகூடம். கேட்கும்போது உங்களுக்கு எந்த இடம் நினைவுக்கு வருகிறது என்று நாம் கேட்கத் தேவையில்லை.

அப்படித் தங்கியவர்களில் கடற்தொழிலாளரும், தலைமுறை தலைமுறையாகக் காணி இல்லாமல் வைக்கப்பட்ட சாதியாரும் அதிகம். யாழ்ப்பாணத்தில் சாதி என்பது கோயில் வாசலோடு நின்ற விஷயம் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்வதற்கு 1920-களின் கடைசியில் சமாசனம், சமபோசனம் என்று போராட வேண்டியிருந்தது. கிணற்றில் தானே அள்ளக்கூடாது, வேறு யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. ஆறு இல்லாத, கிணற்றையே நம்பிய மண்ணில் அது எவ்வளவு பெரிய கொடுமை! சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது 1957-இல். சட்டம் வந்த மறுநாளே யாருக்கும் காணி கிடைத்துவிடவில்லை. காணி இல்லாதவனுக்குக் கூலி வேலை. கூலிக்காரன் பிள்ளையின் பல்லுக்காக ஒரு நாளை விட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. கிணற்றடியில் ஆரம்பித்த விஷயம் இப்படித்தான் பிள்ளையின் பல்வரை வந்து சேர்கிறது.

யாழ்ப்பாணத் தாய்க்குப் பல் விளக்கத் தெரியாதென்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அப்படியிருந்தும் அங்கே முகாமிலும் தீவிலும் இருக்கும் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் வாய் ஒரே மாதிரி இருக்கிறதென்றால், குறை நம் சனத்தின் இரத்தத்தில் இல்லை. தூரத்திலும், கூலியிலும், கடையில் தொங்கும் மலிவு இனிப்பிலும், வராத பல் வைத்தியரிலும் இருக்கிறது.

பல் வைத்தியர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் யாழ்ப்பாணம் ஒரு பாடம். நம் பக்கத்து லக்சபான மின்சாரம்தான் சுன்னாகம்வரை கம்பியில் போய்க்கொண்டிருந்தது. 1990-இல் அது நின்றுபோய், யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பவும் போய்ச் சேர்ந்தது. வைத்தியர்களும் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். மின்சாரம் இல்லாமல் பல்லைத் துளைத்து அடைக்கும் இயந்திரம் ஓடாது. பல் பிடுங்கும் குறட்டுக்கு மின்சாரம் வேண்டாம். வசதி இல்லாத இடத்திலெல்லாம் காப்பாற்றக்கூடிய பல்லும் பிடுங்கப்படுவது இப்படித்தான்.

ஆனால் மின்சாரம் இல்லாவிட்டாலும் அடைக்கலாம் என்று வேறோர் ஏழை நாடு காட்டியது. ஆபிரிக்காவில் தன்சானியாவில் 1980-களின் நடுவில், கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சீமெந்து மருந்தால் மூடும் முறையைத் தொடங்கினார்கள். இயந்திரச் சத்தம் இல்லை, பெரும்பாலும் ஊசியும் தேவைப்படாது, பிள்ளை பயந்து ஓடாது. பள்ளிக்கூட மேசையில் பிள்ளையைப் படுக்கவைத்தே செய்யலாம். உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் இதை ஏற்றுக்கொண்டு பரப்பியது. அந்த ஆண்டு உலகச் சுகாதார தினத்தின் பொருளே வாய்ச் சுகாதாரம்தான். "எங்க பக்கத்துல கரண்ட் சரியில்ல, ரோடு சரியில்ல" என்று யாராவது காரணம் சொன்னால் இந்தத் தன்சானியாக் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. நியூசிலாந்து 1921-இல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிய முறையைப் பின்பற்றி, இலங்கையிலும் 1950-களிலிருந்து மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களைப் பயிற்றுகிறார்கள். 3 வயது முதல் 13 வயதுவரை உள்ள பிள்ளைகள் அவர்களுடைய பொறுப்பு. முக்கியமாக ஒன்றாம், நான்காம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். காசு வாங்குவதில்லை. சிகிச்சை நிலையம் பெரிய பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ இருக்கும், சின்னத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டால்தான் வருவார்கள். பட்டணத்துப் பெற்றோர் கேட்கிறார்கள். நாம் கேட்பதில்லை, கேட்கலாம் என்பதும் நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்றாம் வகுப்பு என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆறு வயதளவில் பிள்ளையின் வாயில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடவாய்ப் பல் முளைக்கும். அதற்கு முன் எந்தப் பல்லும் விழாது, சத்தமில்லாமல் வந்துவிடும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அதுதான் சாகும்வரை இருக்க வேண்டிய பல். அது போனால் திரும்ப முளைக்காது. இன்றிரவு வீட்டுக்குப் போய் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல்லை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்த கோடு தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பற்பசை பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். கரியும் உப்பும் போதாதா? அழுக்குப் போகும், ஆனால் பல் உறுதியாகாது. பல்லை உறுதியாக்குவது புளோரைட். அநுராதபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் அது அளவுக்கு மிஞ்சி இருப்பதால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. நம் மலையகத்து ஊற்றுத் தண்ணீரில் மிகவும் குறைவு. அதனால் நம் பிள்ளைக்குப் பற்பசை ஆடம்பரம் அல்ல. கடையில் வாங்கும்போது பெட்டியில் புளோரைட் என்று போட்டிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகை நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை. அது கடைக்காரனுக்கு இலாபம், பிள்ளை விழுங்கினால் கேடு. இரவு படுக்கமுன் விளக்குவதுதான் கட்டாயம், அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

தேத்தண்ணீரை நிறுத்தச் சொல்வோம் என்று பயப்பட வேண்டாம். தேயிலையிலேயே கொஞ்சம் புளோரைட் இருக்கிறது. நாம் பறித்துக் கொடுக்கும் கொழுந்தால் பல் கெடுவதில்லை, அதில் போடும் மூன்று கரண்டிச் சீனிதான் கெடுக்கிறது. பிள்ளைக் காம்பராச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அழும் பிள்ளைக்குச் சீனித் தண்ணீர்ப் போத்தல் கொடுப்பதை விட்டுவிடுங்கள். காலையில் பிள்ளைகள் வந்ததும் வரிசையாக உட்காரவைத்து நீங்களே விளக்கிவிடுங்கள். தூரிகை வாங்கும் செலவை நலன்புரி நிதியிலிருந்து கேட்டு எழுத நாம் உதவி செய்கிறோம்.

கடைசியாக ஒரு காரியம். வாசலில் உள்ள மேசையில் கொப்பி ஒன்று இருக்கிறது. ஒன்று, நான்கு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளவர்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, டிவிசன் ஆகியவற்றை எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாம் எழுதுகிறோம். அந்தப் பட்டியலோடு அதிபரிடமும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியிடமும் போய், பாடசாலைப் பற்சிகிச்சையாளர் நம் பள்ளிக்கூடத்துக்கு வரும் நாளைக் கேட்கப் போகிறோம். கூட வர மூன்று தாய்மார் வேண்டும். பேர் போகாமல் இருக்க ஞாயிறு தவிர எந்த நாள் வசதி என்று தோட்ட நிர்வாகத்திடம் இந்த வாரமே பேசுகிறோம். வரக்கூடியவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.